முள் ஆடுகிறதா?

(வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு மானிட்டர்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்.)

போன இதழில் என் பழைய வேலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ‘உங்களுக்கு இன்னும் தலைமுடி இருக்கிறதா’ என்று கேட்டவருக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. என் அப்பாவுக்கும் இருந்ததில்லை. அவர் கணக்கப்பிள்ளை.

அலாரம் அடித்தால் பெரும்பாலும் கருவிக் கோளாறுதான் என்று என் உறவினர் சொல்கிறார். அவரும் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தவர். கருவி பொய் சொல்லுமா? – பள்ளி ஆசிரியை

சொல்லும். வெல்டிங் வைத்தால் சொல்லும், பக்கத்தில் நின்று வாக்கி-டாக்கியில் பேசினால் சொல்லும், கேபிள் முனையில் ஈரம் ஏறினால் சொல்லும். அதற்காக உங்கள் உறவினர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன் அம்மா. ‘மீட்டர் கோளாறு’ என்பது எங்கள் தொழிலில் மிகச் சுலபமாக வாயில் வரும் வார்த்தை. அதனால் வந்த வினையைச் சொல்கிறேன்.

1987 செப்டம்பர், பிரேசிலின் கோயானியா நகரம். கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்து எடுத்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஊருக்குள் பரவிக் கிடக்கிறது. அது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. விஷயத்தைக் கேள்விப்பட்ட ஓர் இயற்பியலாளர், அளவுமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். போகும் வழியிலேயே அதை ‘ஆன்’ செய்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்கிறது. மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, திரும்பிப் போய் வேறொன்று வாங்கி வருகிறார். அதிலும் முள் அங்கேயேதான் நிற்கிறது. இரண்டு கருவிகள் ஒரே மாதிரிக் கெட்டுப்போகாது என்று அப்போதுதான் உறைக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்தாலும் பேட்டரியைத்தான் தட்டிப் பார்த்திருப்பேன்.

2011 மார்ச் 24, ஜப்பானில் சுனாமியால் சேதமான ஃபுகுஷிமா அணுமின் நிலையம். மூன்றாவது உலையின் டர்பைன் கட்டடத்து அடித்தளத்தில் மூன்று பேர் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தரையில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆள் வாங்கும் கதிர்வீச்சை அளக்க அவர்கள் சட்டையில் மாட்டியிருந்த டோஸிமீட்டர்கள் அலறின. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தார்கள். தண்ணீர் கதிரியக்க மாசு கலந்தது. மூவருக்கும் கிடைத்த அளவு 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை சீவர்ட்டில்தான் கணக்கிடுவோம்). இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 என்பது சர்வதேசப் பரிந்துரை.

என் கதை இவ்வளவு பெரியதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு நடைபாதையில் இருந்த ஏரியா மானிட்டர் என்னை ஒரு வாரம் படாதபாடு படுத்தியது. சுவரில் பொருத்தி, அந்த இடத்தின் காமா கதிர்வீச்சு அளவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிதான் ஏரியா மானிட்டர். அவ்வப்போது நாலைந்து நிமிடம் அலாரம் அடிக்கும், தானே நிற்கும். நான் போய்ப் பார்க்கும்போது சாதுவாக இருக்கும். கதிரை உணரும் டிடெக்டர் குழாயை மாற்றினேன், கார்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையையும் மாற்றினேன். இனி மாற்ற மிச்சம் இருந்தது சுவர் மட்டும்தான்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கை மீட்டரை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பின்பக்கம் நடந்தார். அங்கே ஒரு குழாய் ஓடியது. உலை நீரில் உள்ள கதிரியக்க அழுக்கைப் பிடித்துச் சுத்தம் செய்து தேய்ந்துபோன ரெசின் மணிகளை அந்த வழியாகத்தான் தொட்டிக்குத் தள்ளுவார்கள். தள்ளும் நேரங்களை ஷிஃப்ட் பதிவேட்டில் பார்த்தோம். அலாரம் அடித்த நேரங்களோடு வரி பிசகாமல் பொருந்தின. “ஏம்ப்பா, நல்லா இருக்கிற மனுஷனுக்கா ஒரு வாரமா ஆபரேஷன் பண்ணிட்டிருக்கே?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு மானிட்டரைச் சோதிப்பது என்றால் உண்மையில் என்னதான் செய்வீர்கள்? எங்கள் கல்லூரியில் வரைபடம் மட்டும்தான் காட்டினார்கள். – டிப்ளமோ மாணவர்

முதலில் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்வோம் தம்பி. வரைபடத்தில் அது இருக்காது. எந்தச் சேனலில் (ஒரு டிடெக்டரும் அதன் சுற்றும் சேர்ந்தது ஒரு சேனல்) கை வைக்கப் போகிறோம், அதனால் எந்த அலாரம் வரும், எந்த வால்வு அல்லது காற்றுப்போக்கித் தடுப்பு தானாக மூடிக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்து பெர்மிட் வாங்காமல் ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது. முக்கியமான இடங்களில் ஒரே வேலைக்கு மூன்று சேனல்கள் இருக்கும், மூன்றில் இரண்டு ‘ஆமாம்’ என்றால்தான் நடவடிக்கை. நீ ஒன்றைச் சோதிக்கும்போது பக்கத்து ஆள் இன்னொன்றைத் திறந்துவிட்டால் போச்சு.

அதன் பிறகுதான் கருவி. வேலைக்கு எடுத்துப் போகும் கை மீட்டர் என்றால் தினமும் ஒரு சின்ன சோதனை உண்டு: பேட்டரி, உறையில் விரிசல், பின்பு பொத்தான் அளவு ‘செக் சோர்ஸ்’ (சின்னக் கதிரியக்க வில்லை) ஒன்றைக் குறித்த இடத்தில் வைத்து வழக்கமான அளவு வருகிறதா என்று பார்ப்பது. கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடிப்பது போல. இதையே அளவுத்திருத்தம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அளவுத்திருத்தம் வேறு. அதற்குத் தனி அறை, தனிச் சோர்ஸ். பெரும்பாலும் சீசியம்-137, சில இடங்களில் கோபால்ட்-60. சோர்ஸிலிருந்து இத்தனை தூரத்தில் மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று தேசியத் தரத்தோடு ஒப்பிட்டு ஏற்கெனவே அளந்து வைத்திருப்பார்கள். ஒரு மீட்டரில் இருந்தால் வருவதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் வரும். கருவியைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வொரு ரேஞ்சிலும் கீழே ஓர் இடம், மேலே ஓர் இடம் என்று பார்ப்போம். கீழே சரியாகக் காட்டி மேலே குறைத்துக் காட்டும் மீட்டர்கள் உண்டு. அவைதான் ஆபத்தானவை, ஏனென்றால் தினசரி சோதனையில் அவை தேறிவிடும்.

சோர்ஸும் நாளாக நாளாகத் தேயும். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேயும் காலம், 30 வருடம், ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் கொஞ்சம் குறையும். கோபால்ட்டுக்கு 5.27 வருடம்தான், ஆண்டுக்கு 12 சதவீதம் போய்விடும். ஒருமுறை என் சகா போன வருடத்து கோபால்ட் அட்டவணையை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஏழு மீட்டர்களைத் ‘திருத்திவிட்டார்’. ஏழும் குறைவாகக் காட்டுகின்றனவே என்று அவருக்கு எரிச்சல். எட்டாவதும் அதே அளவு குறைவாகக் காட்டியபோதுதான் சுவரில் இருந்த அட்டவணையின் தேதியைப் பார்த்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஏழையும் பழையபடி திருப்பினோம்.

கடைசியாக அலாரம். அலாரத்துக்குக் குறித்து வைத்த அளவை, அதாவது செட் பாயின்ட்டைத் தாண்டும்போது விளக்கு எரிகிறதா, மணி அடிக்கிறதா, ரிலே உண்மையிலேயே தொடுகிறதா என்று மூன்றையும் தனித்தனியே பார். திரையில் ‘அலாரம்’ என்று வந்து, ரிலே முனை கறுத்துப்போய் மணிக்கு மின்சாரம் போகாத கேஸ் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வா. இது எனக்குக் கிடைத்த அடி, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்து மாடல்களில் ‘இயக்கம்–சோதனை’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சோதனையில் வைத்தால் டிடெக்டருக்குப் பதிலாக உள்ளேயே இருக்கும் பல்ஸ் ஜெனரேட்டரிலிருந்து சிக்னல் போகும். ஒரு நாள் நான் வேலையை முடித்து, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கும் போய்விட்டேன். சுவிட்ச் சோதனையிலேயே நிற்கிறது. ராத்திரி முழுக்க அந்த இடத்துக்குக் கண் இல்லை. ஆனால் கன்ட்ரோல் ரூமில் பார்ப்பவருக்கு அழகான அளவு, அலாரம் இல்லை. மறுநாள் காலை மேற்பார்வையாளர் ரெக்கார்டர் தாளைக் கிழித்து என் மேசையில் போட்டார். “இதுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டது யாரு?”

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. கதிரியக்கச் சிதைவு தாறுமாறாக நடக்கிற விஷயம். நூறு எண்ணினால் அடுத்த முறை தொண்ணூறும் வரலாம், நூற்றிப்பத்தும் வரலாம். பத்தாயிரம் எண்ணினால்கூட நூறு முன்னே பின்னே இருக்கும். ஆகையால் உயிருள்ள டிடெக்டரின் முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடாத முள்ளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மீட்டர் பூஜ்யம் காட்டினால் கதிர்வீச்சு இல்லை, நிம்மதி. சரிதானே? – பெயர் வேண்டாம் என்றவர்

சரியில்லை. மண்ணிலும் காற்றிலும் வானத்திலிருந்தும் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். பூஜ்யம் என்றால் கருவி செத்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் நல்ல ஏரியா மானிட்டர்களில் துளியூண்டு சோர்ஸை உள்ளேயே வைத்திருப்பார்கள். அளவு அதற்கும் கீழே இறங்கினால் ‘நான் வேலை செய்யவில்லை’ என்று கருவியே கத்தும்.

இன்னொரு பயங்கரம் இருக்கிறது. 1928-ல் ஹான்ஸ் கைகரும் வால்ட்டர் முல்லரும் உருவாக்கிய கைகர்–முல்லர் குழாய், ஒவ்வொரு துகளை எண்ணிய பிறகும் விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் வருவதை அது பார்க்காது. கதிர்வீச்சு மிக மிக அதிகமானால் குழாய்க்கு மூச்சு வாங்கவே நேரம் கிடைக்காது. துடிப்புகள் சிறுத்துப்போய், பழைய வடிவமைப்புகளில் முள் மேலே போய்விட்டுக் கீழே விழுந்துவிடும். இருப்பதிலேயே மோசமான அறையில் ‘ஒன்றுமில்லை’ என்று காட்டும். இப்போதைய கருவிகளில் குழாயின் மின்னோட்டத்தைத் தனியே கவனித்து, ‘அளவு மீறிவிட்டது’ என்று பிடித்து நிறுத்தும் சுற்று உண்டு. பழையது கைக்கு வந்தால் அந்தச் சுற்று இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1986-ல் சோவியத்தின் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு முதல் மணி நேரங்களில் சொல்லப்பட்ட ‘மணிக்கு 3.6 ராண்ட்ஜன்’ என்ற எண் இப்போது பிரசித்தம் (ராண்ட்ஜன் என்பது கதிர்வீச்சின் பழைய அலகு). கையில் இருந்த மீட்டர்களின் உச்சவரம்பு விநாடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன். 3600-ஆல் பெருக்கிப் பாருங்கள். அவர்கள் சொன்னது அளவை அல்ல, ஸ்கேலின் நீளத்தை.

எந்தப் பாகம் அதிகம் பழுதாகும்? – எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர்

தொழில்காரர் கேட்கிறீர்கள், சந்தோஷம். உங்களுக்குத் தெரிந்த பதிலேதான்: கனெக்டர். பத்தில் எத்தனை என்று நான் கணக்கு வைத்ததில்லை, ஆனால் கார்டைக் கழற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே குரல் தேய்ந்தது.

கதிர்வீச்சு வாயுவில் உண்டாக்கும் மின்னோட்டத்தை அளக்கும் அயனி அறை வகை மானிட்டரில் இது இன்னும் நுட்பமான விவகாரம். அதில் வரும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்கிற கணக்கு, சில சமயம் அதிலும் நூறில் ஒன்று. கனெக்டருக்குள் இருக்கும் வெள்ளை டெஃப்லானை வெறும் விரலால் தொட்டீர்களானால், உங்கள் விரலின் எண்ணெய்ப் பசை போதும், அதன் மேல் ஏறி மின்சாரம் கசியும். கதிர்வீச்சே இல்லாத இடத்தில் அளவு காட்டும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவைத்து, மூடும் முன் உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பிரிவில் பாதி வேலை ஈரத்தோடு சண்டை போடுவதுதான்.

மாசு பார்க்கும் தட்டை ப்ரோபில் முன்னால் இருப்பது மைக்கா தகடு, பீட்டா துகள்கள் உள்ளே நுழையும் அளவுக்கு மெல்லியது. தரையில் துருத்தி நிற்கும் ஒரு சின்னக் கம்பி பட்டால் முடிந்தது, குழாயைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கதிர் பட்டால் மின்னும் சோடியம் அயோடைடு படிகத்துக்கு ஈரமும் ஆகாது, சட்டென்று மாறும் வெப்பமும் ஆகாது. மஞ்சளடிக்கும், இல்லாவிட்டால் விரிசல் விடும். அதன் பின்னால், அந்த மின்னலை மின்துடிப்பாக்கும் ஃபோட்டோமல்டிப்ளையரின் உறையில் ஊசித் துளை இருந்தாலும் வெளிச்சம் புகுந்து, கண்டபடி எண்ணத் தொடங்கும். டார்ச் அடித்தால் அளவு எகிறுகிறதா என்று பார்ப்போம், கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை. மற்றபடி எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உங்கள் கடையில் வயதாவது போலவே எங்களிடமும் வயதாகும்.

இத்தனை வருடம் அதே வேலை. பயமாக இருக்கவில்லையா? உங்கள் மனைவிக்கு? – இல்லத்தரசி

என்னை உண்மையில் தூக்கி அடித்தது கதிர்வீச்சு இல்லை அம்மா, கைகர் குழாய்க்குப் போகும் ஹை வோல்டேஜ். ‘ஆஃப்’ செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் உட்கார்ந்திருந்தது. முழங்கை வரை மரத்துப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்தேன்.

மாசு, அதாவது கதிரியக்கப் பொருள் உடம்பிலும் கருவியிலும் ஒட்டிக்கொள்வது, வேறு விஷயம், அதற்கு நான் பயப்படுவேன். உலைக் கட்டடத்திலிருந்து வரும் எந்தக் கருவியையும் துடைப்புத்தாளால் துடைத்து, அந்தத் தாளை அளந்து பார்க்காமல் பட்டறைக்குள் விட மாட்டோம். என் மனைவிக்கு என் டோஸ் கணக்கு ஒவ்வொரு வருடமும் தெரியும். பெட்டியில் வைத்திருக்கிறாள், என் சம்பளச் சீட்டுகளுக்குப் பக்கத்தில்.

நிலையத்துக்குள் நுழையும் ஆளைப் பார்த்து அலாரம் அடித்ததாகக் கேள்விப்பட்டேன். உள்ளே போவதற்கு முன் எப்படி? – இயற்பியல் மாணவி

மாசு வெளியிலிருந்து வந்தால் அப்படித்தான். இரண்டு பிரபலமான சம்பவங்கள் சொல்கிறேன்.

1986 ஏப்ரல் 28, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையம். ஒரு ஊழியரின் ஷூவைப் பார்த்து மானிட்டர் அடித்தது. தங்கள் நிலையத்தில்தான் கசிவு என்று முதலில் தேடினார்கள். ஷூவில் இருந்த தனிமங்களை ஆராய்ந்தபோது அவை அங்கே உண்டானவை அல்ல என்று தெரிந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, மழையோடு சேர்ந்து மண்ணில் இறங்கிய செர்னோபில் தூசு. சோவியத் அரசு வாய் திறந்தது அன்று இரவுதான். வேலையை ஒழுங்காகச் செய்த வாசலில் ஆட்களைச் சோதிக்கும் ஒரு சாதாரண போர்ட்டல் மானிட்டர் உலகத்துக்கே சேதி சொல்லியது. அதை அளவுத்திருத்தம் செய்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

இரண்டாவது, 1984 டிசம்பர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் நிலையம். ஒரு பொறியாளர் போர்ட்டலுக்குள் வந்தால் அடிக்கிறது. நிலையமோ இன்னும் மின்சாரம் தயாரிக்கவே தொடங்கவில்லை. வேலைக்கு வந்த உடனேயே போர்ட்டலுக்குள் நடந்து பார்த்தார், அப்போதும் அடித்தது. கடைசியில் அவர் வீட்டை அளந்தார்கள். அடித்தளத்து மண்ணிலிருந்து ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயு வீட்டுக்குள் ஏறி நிறைந்திருந்தது. வீடுகளில் ரேடானை அளக்க வேண்டும் என்ற அக்கறை அமெரிக்காவில் பரவியது அதற்குப் பிறகுதான்.

ரேடான் எங்களுக்கு நித்திய தலைவலி. காற்று மானிட்டர் வடிதாளில் தூசைப் பிடித்து எண்ணும். காற்று அசையாத அதிகாலையில் ரேடானின் வாரிசுகள், அதாவது அது சிதைந்து உண்டாகும் கதிரியக்கப் பொருள்கள், தாளில் சேர்ந்து அலாரம் அடிக்கும். கருவியைக் கழற்றாதே, தாளை எடுத்து அரை மணி கழித்து மறுபடி எண்ணு என்பதுதான் முதல் பாடம். ஏறக்குறைய பாதியாகியிருந்தால் ரேடான். அப்படியே இருந்தால் உடனே ஃபோனை எடு.

ஆமாம், மருத்துவமனையில் ஸ்கேனுக்காக கதிரியக்க டெக்னீசியம் ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வருபவர்களும் உண்டு. அரை ஆயுள் ஆறு மணி நேரம். மறுநாளும் மானிட்டர் அவர்களை விடாது.

கைப்பேசியில் கதிர்வீச்சு அளக்கும் ஆப் இருக்கிறதாமே? – கல்லூரி மாணவர்

கேமராவின் லென்ஸை மூடிவிட்டு, சென்சாரில் விழும் புள்ளிகளை எண்ணும் வித்தை. கதிர்வீச்சு மிக அதிகமாக இருந்தால் ஏதோ தெரியும். அது தெரியும் அளவு இருக்கிற இடத்தில் நீங்கள் ஆப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இப்போது எல்லாம் டிஜிட்டல். கருவியே தன்னைச் சோதித்துக்கொள்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இனி வேலை உண்டா? – மென்பொருள் துறையில் இருப்பவர்

தன்னைச் சோதித்துக்கொள்கிறது, உண்மைதான். எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். நான் மறந்த சுவிட்ச் மாதிரி ஒன்றை இப்போதைய கருவியில் மறக்கவே முடியாது, சிவப்பில் எழுதிக் காட்டும், பதிவும் செய்துவிடும்.

ஆனால் ஒன்றை எடுத்துவிட்டார்கள். திரையில் எண் நிலையாக நின்றால் பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று சராசரி எடுத்து எடுத்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு புது மானிட்டர்கள் வந்திறங்கின. மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட் என்று காட்டிவிட்டு அசையாமல் நின்றது திரை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடன் இருந்த பையன் சிரித்தான், “அது ஃபில்டர் சார்.” அவன் சொன்னது சரி. இருந்தாலும் மெனுவுக்குள் நாலு படி இறங்கி, வடிகட்டாத எண்ணிக்கை காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். 14, 9, 17, 11, 12, 8. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன்.